கட்டவெரலுக்கு அடங்காத கொரலு

மொத அடி முடிஞ்சு கட்டவெரல எடுத்த அப்பறமும் பாட்டு ஒரு நொடி ஓடுச்சு. மழச் சத்தமா இருக்கும்னு புஷ்பவள்ளி வுட்டுட்டா.

விசயம் என்னான்னா, அவ வூட்டுக்காரரு சபாபதிக்குப் புத்துநோயி, கொரவளையவே எடுத்தாச்சு. கழுத்துக்கு நடுவுல ஒரு ஓட்ட, மூச்சு மொத்தமும் அது வழியாத்தான். உள்ள சின்னதா ஒரு வால்வு. மூச்ச வுடறப்ப ஓட்டைய அடச்சா காத்து வால்வுல பூந்து வாய்க்கு வரும், கொரலா. தவக்காளை கொரலுதான் போங்க. அது ஏறி எறங்கணும்னா பாடிப் பழவணுமாம், அதுக்குத்தான் வாரா வாரம் கடலூருலேருந்து சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸு. அவருக்குக் கை ஒதறும். அதனால ஓட்டைய அடைக்கறது புஷ்பவள்ளியோட கட்டவெரலு.

"அமுக்காதீங்கம்மா, பூ வெக்கிற மாதிரி வெய்யிங்க. மூச்சு இழுக்கறப்ப டக்குனு எடுத்துடணும், சாருக்கு மூக்கு வாய் எல்லாம் அதான்" அப்படின்னுச்சு பாட்டு சொல்லிக் குடுக்கற சத்யப்பிரியா பொண்ணு. தாலாட்டுதான் லேசுன்னு அதையே பழக்குச்சு.

பக்கத்து பெஞ்சுல கொளஞ்சியப்பன், அவருக்கும் அதே ஆப்பரேசன், தன் கழுத்த தானே பொத்திக்கிட்டு கரகரன்னாரு: "மச்சான், ஒம்ம ரிமோட்டு தங்கச்சி கையில மாட்டிக்கிச்சு!"

எல்லாரும் சிரிச்சாங்க. புஷ்பவள்ளிக்கு சிரிப்பு எங்கேருந்து வரும்? கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்தக் கொரலுகிட்ட அடி வாங்குனவ, அவரு கை ஓங்காமலே. தெருமொனையில அவரு செருமுனா அடுப்பங்கரையில இவ கரண்டி கீழ வுழும். ஆப்பரேசனுக்கு அப்பறந்தான் ஒரு ரேடியோ வாங்குனா, குக்கர் விசிலு, அணிலு கத்தறது எல்லாம் அவ காதுல வுழுந்துச்சு. அந்த நிம்மதிய நம்ம வெரலாலயே நாம கெடுத்துக்கறோமேன்னு பஸ்ஸுல வர்றப்பல்லாம் வயிறு எரியும்.

இன்னிக்கு மத்தியானம் கரண்டு இல்ல. ஜன்னல சாத்தி வெச்சதுல வூடு முழுக்க காயாத துணி வாடையும் அணஞ்ச மெழுகுவத்திப் பொகையும் அவரு கழுத்துத் துணியோட சளி வாடையும் ஒண்ணா கலந்து கெடக்க, பழகணும்னு அவரே அவ கையப் புடிச்சு கழுத்துல வெச்சுக்கிட்டாரு.

ரெண்டாவது அடி பாடுனாரு. வெரல எடுத்தா.

பாட்டு நிக்கல. நீளுது, நெளியுது, கரகரப்பெல்லாம் உதுந்து வழவழன்னு ஆவுது, மாடியிலேருந்து சொட்ற தண்ணி சத்தத்துக்கும் அடியில, தரைக்குள்ளேருந்து வர்ற மாதிரி, பழைய கொரலா ஆவுது.

தாலாட்டு மெட்டுலயே வந்துச்சு.

"சோத்துல உப்பு எங்கடி, ஆராரோ... யாரக் கேட்டு ரேடியோ வாங்குன, சனியனே, ஆரிரரோ..."

"ஏங்க, வேணாங்க. நிறுத்துங்க."

சபாபதி அவள பாத்தாரு. வாயி மூடி இருக்கு. ஒதடு அசையல. கண்ணு பிதுங்கித் தலைய ஆட்றாரு, நான் இல்ல, நான் இல்லன்னு. அவருக்கும் பயம்.

கொரலு ஏறுச்சு.

அவ வெரல வெச்சா. பூ மாதிரி இல்ல.

அமுக்குனா.

"நிறுத்து. நிறுத்து. நிறுத்து."

அவரு காலு ஸ்டூல ஒதச்சுச்சு. கை வந்து அவ மணிக்கட்டப் புடிச்சுச்சு. அப்பறம் வுட்டுடுச்சு. கழுத்து நரம்பு துடிக்கறது நின்னுச்சு.

பாட்டு நிக்கல.

வெரல எடுக்கப் பாத்தா. வரல. பல்லு மொளைக்காத கொழந்த வாயாட்டம் ஓட்ட அத இறுக்கிப் புடிச்சிருக்கு. ஈரமா. சூடா. உள்ளேருந்து இழுக்குது. நகம் வரைக்கும். கணு வரைக்கும்.

செத்த மூஞ்சி அவ மேல சாஞ்சிருக்கு. கொரலு அத வுட்டுக் கெளம்புச்சு. வெரலு வழியா. மணிக்கட்டு. மொழங்கை. தோளு. எலும்புக்குள்ள குளுகுளுன்னு ஊருது.

அவ தொண்டையில வந்து ஒக்காந்துச்சு.

புஷ்பவள்ளி அலறணும்னு வாயத் தொறந்தா.

வந்தது அவரு கொரலு. தாலாட்டு.