எண்பது சென்டிமீட்டர்

சருகு அள்ளும் வலையின் கழி இரண்டு மீட்டர் நீளம்; குளத்தின் ஆழம் எண்பது சென்டிமீட்டர். கழி முழுக்க உள்ளே போய், முழங்கை வரை கை நனைந்த பிறகும் ரோஸ்விதாவுக்கு அடி தட்டுப்படவில்லை.

இந்த வருடத்தின் முதல் உறைபனி இன்றிரவு விழும் என்று காலையில் வானொலியில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் சருகை அள்ளி, அல்லிகளை வெட்டி, பம்பை வெளியே எடுத்து, குளத்தின்மேல் வலை கட்டிவிட வேண்டும். இருபது வருடமாக இதெல்லாம் அவள் கணவன் வோல்ஃப்ராமின் வேலை. குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது; கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதிகாரம் பண்ணக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்து, காப்பியும் பிளம் கேக்குமாக உட்கார்ந்து, மதியத்திலிருந்து அவளை ஏவிக்கொண்டிருந்தான்.

அடி தட்டவில்லை என்று அவனிடம் சொன்னாள்.

"சாய்ச்சுப் பிடிச்சிருப்ப," என்றான். "ஒரு கழிய நேராப் பிடிக்கக்கூடத் துணைக்கு ஆள் வேணுமா உனக்கு?"

அவன் தோண்டிய குளம், தண்ணீர் கசியாமல் அடியில் அவன் விரித்த ரப்பர் விரிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். நாலு மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. பக்கத்து வீட்டு பிர்ச் விறகுப் புகை வேலிக்கு மேலே அசையாமல் நின்றது. குளத்திலிருந்து வழக்கமான அழுகிய இலை நாற்றத்துக்குப் பதிலாக, கன்றுக்குட்டியின் வாயருகே முகத்தை வைத்தால் அடிக்குமே, பால் புளித்த அந்த வெதுவெதுப்பான வாடை எழுந்து அவள் கன்னத்தில் ஒட்டியது.

பம்பின் மின்கம்பியைப் பிடித்து இழுத்தாள். ஒரு முழம் வந்தது. பிறகு, அவசரமில்லாமல், அதே ஒரு முழம் உள்ளே போனது. கையில் சுற்றிக்கொண்டு மறுபடி இழுத்தாள். வந்தது. போனது. ஏழெட்டுத் தடவை. கண்ணில் நீர் முட்டியது, பயத்தாலா ஆத்திரத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

அல்லி வேரில் சிக்கியிருக்கும், வெட்டிவிட்டு இழு என்று ஜன்னல் சொன்னது.

"வந்து நீயே இழு," என்றாள் ரோஸ்விதா. "உன் குளம். உன் மீன். எனக்குப் போதும்."

ஜன்னல் சாத்தப்பட்டது. ரப்பர் பூட்ஸோடு வந்தான். இறங்காதே என்றாள். அவன் காதிலேயே வாங்கவில்லை. நேராக நடுக்குளத்தில் போய் நின்றான். தண்ணீர் தொடை வரைதான்.

"பாத்தியா? அடி இருக்கு." குதிகாலால் ஓங்கி மிதித்தான். "எங்கயும் ஓடிப் போயிடல."

அவமானமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. தோற்றுப்போனதில் இவ்வளவு நிம்மதி அவளுக்கு எப்போதும் வந்ததில்லை.

அவன் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

"ரோஸ்விதா. கீழ சூடா இருக்கு."

தண்ணீர் இப்போது அவன் முழங்காலில் இருந்தது. குளம் வடிகிறது என்று நினைத்தாள். இல்லை. அவள் செருப்புக்குள் ஈரம். கரைக்கல்லைத் தாண்டித் தண்ணீர் புல்வெளியில் வழிந்துகொண்டிருந்தது. பொன்மீன்கள் புல்லில் துடித்தன.

வோல்ஃப்ராம் நின்ற இடத்திலேயே நின்றான். உயர்ந்துகொண்டிருந்தான்.

முழங்கால். கெண்டைக்கால். கணுக்கால்.

கையை நீட்டினாள். பிடித்தான். இழுத்தாள். பூட்ஸ் வரவில்லை. கால் பூட்ஸை விட்டு வரவில்லை.

"இழு," என்றான், சின்னக் குரலில்.

கடைசித் தண்ணீரும் வழிந்தது. குளத்தின் அடி கரைக்கு மேலே புடைத்து எழுந்திருக்க, அவன் அவளைவிட ஒரு ஆள் உயரம் மேலே நின்றான். காலடியில் ரப்பர் விரிப்பு இல்லை. அங்கே இருந்தது ஈரமாக, வெளிறிய சிவப்பில், மெல்ல ஏறி இறங்கியது. அவன் இரண்டு பாதங்களுக்கும் நடுவே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, மூடிய உதடுகள் சேரும் இடம்போல ஒரே ஒரு கோடு.

அது பிளந்து விலகத் தொடங்கியிருந்தது.