பழைய மேப்பில் ஒரு நீலப் புள்ளி

“எலும்பு...!”

தங்கையின் அலறலில் கடப்பாரைகள் நின்றன.

இன்ஸ்பெக்டர் குழிக்குள் குதித்தார். எடுத்துப் பார்த்தார். முகம் தொங்கிப் போயிற்று.

“நாய் எலும்பும்மா.”

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவர் கைதட்டிச் சிரித்தார். சர்வே ஆபீஸில் மேப் வரைந்தே ரிட்டயரானவர். பதினொரு வருடம் முன்பு காணாமல் போன அக்காவின் கணவர்.

“உங்கக்கா எவன் கூடவோ ஓடிட்டா. என் கார் ஷெட்டைத் தோண்டினா வந்துடுவாளா? நாளைக்கே ரெண்டு பேர் மேலயும் கேஸ் போடறேன்!”

“போடுங்க அத்தான். அக்கா கிடைக்காம நான் நகர மாட்டேன்.”

இன்ஸ்பெக்டர் அந்த ஏரியாவின் மேப் ஒன்றை விரித்தார். நாற்பது வருடப் பழசு. இந்தக் காலனியே அதில் இல்லை! ஓர் ஓடை, ஒரு தோப்பு, தோப்புக்குள் கிணற்றைக் குறிக்கும் நீலப் புள்ளி. புது மேப்பில் அந்தப் புள்ளி மாயம். அக்காவும் அந்தக் கிணற்றுக்குள்தான் என்பது தங்கையின் சந்தேகம்.

“ரயில் பாலத்துல இருந்து ரெண்டு கிலோமீட்டர். ஸ்கேல் வெச்சு அளந்துதான் தோண்டினோம்...”

“இங்க கிணறே இருந்ததில்லய்யா!”

“அப்ப இதை வரைஞ்சவன் குடிச்சிட்டு வரைஞ்சிருக்கான்.”

அத்தானின் காது சிவந்தது.

“யாரைச் சொல்றே? நான் வரைஞ்சதுய்யா அது! மயிரிழை தப்பாது! பேப்பர் சுருங்கியிருக்கும். மேப்புக்கு அடியில வரைஞ்சிருக்கற அளவுகோலும் கூடவே சுருங்கும், அதை வெச்சு அளக்கணும். உன் பிளாஸ்டிக் ஸ்கேல் எதுக்கு ஆகும்? கிணறு இன்னும் அறுபதடி தள்ளி... அதோ, சமையல்கட்டுக்கு அடியில...”

சட்டென்று வாயை மூடினார்.

டூ லேட்!

சமையலறைத் தரையை உடைத்தார்கள். கல்லும் மண்ணும் கொட்டி மூடிய கிணறு. மாலைக்குள் அக்காவின் கைப்பை வந்தது. அப்புறம்... அக்கா.

தங்கை வாய்விட்டு அழுதாள்.

விலங்கு மாட்டப்பட்ட அத்தான் உறுமினார். “அளக்கத் தெரியாத முட்டாப் பசங்க...”

“நேத்தே சரியா அளந்துட்டோம் அத்தான்!” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கிணறு எங்கன்னு உங்களுக்குத் தெரியும்ங்கறது உங்க வாயாலயே வரணும். அதுக்குத்தான் தப்பான இடத்துல தோண்டச் சொன்னேன். அடுத்தவங்க தப்பைப் பார்த்துட்டு உங்களால சும்மா இருக்க முடியாது. அக்கா வாங்கின திட்டு கொஞ்சமா நஞ்சமா?”



இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்துவிட்டார்.

“ஜெயிலுக்கும் ஒரு மேப் வரைஞ்சு குடுங்க சார்... வெளிய வர்ற வழியை மட்டும் போட வேணாம்!”