நான்காவது துளை

மழை பெய்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்படியிருக்க, காரின் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் நெற்றியில் சொட்டென்று ஒரு துளி தண்ணீர் விழுந்ததை அவள் கண்ணாடியில் பார்த்தாள்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். ஒரே ஒரு துளிதான். விரலால் துடைத்தபோது சில்லென்றிருந்தது. வெயிலில் கொதித்துக் கிடந்த வண்டிக்குள் இவ்வளவு குளிர்ந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மோந்து பார்த்தாள். நெடுநாள் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் ஒரு பாசி வாடை வருமே, அது. குழந்தையின் தலைக்கு நேர் மேலே கூரைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை இருந்தது. நேற்று அது இருந்த ஞாபகம் அவளுக்கு இல்லை.

நல்லவேளை, குழந்தை விழிக்கவில்லை. பத்து மாதத்துப் பட்டுவைத் தூங்கவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தொட்டிலில் போட்டால் வீட்டை இரண்டாக்கும். காரில் ஒரு சுற்று போனால் தெருமுனை திரும்பும் முன்பே கண் சொக்கிவிடும். அவள் நர்ஸ், பெரும்பாலும் இரவு ட்யூட்டி. கணவன் கப்பலில் வேலை, வந்தால் உண்டு. ஆகவே பட்டுவைத் தூங்கவைத்து மாமனாரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடுவதற்காகவே அந்தப் பழைய காரை வாங்கியிருந்தாள். பழையதுதான், ஆனால் சன்ரூஃப் வைத்தது. படத்தைப் பார்த்த கணவன், கூரையில் ஓட்டை இருக்கும் வண்டிதான் கிடைத்ததா என்று ஃபோனில் கேலி செய்தான்.

விற்ற மனிதர் அதிகம் பேசவில்லை. சாவியைக் கொடுக்கும்போது, பின்சீட்டில் இடப்பக்கம் பெல்ட் சரியில்லை, அங்கே யாரையும் உட்கார வைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு வந்து இழுத்துப் பார்த்தால் பெல்ட் இரும்பு மாதிரி நின்றது. குழந்தை இருக்கையை அவள் அங்கேதான் மாட்டினாள். சீட்டில் ஏற்கெனவே பள்ளங்கள் விழுந்திருந்தன. இருக்கையின் அடிப்பாகம் அளவெடுத்தாற்போல் அவற்றில் போய் உட்கார்ந்தது. வசதியாகப் போயிற்று என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டாள்.

வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடியே ஃபோன் செய்தபோது மெக்கானிக் விஷயத்தைச் சொல்லிவிட்டார். சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றிச் சின்னதாக ஒரு வாய்க்கால் ஓடும். அதன் நாலு மூலையிலும் நாலு துளை. ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு குழாய் கதவுத் தூணுக்குள் இறங்கி, சக்கரத்தின் பக்கமாக வெளியே வரும். குப்பை அடைத்தால் தண்ணீர் தேங்கி உள்ளே சொட்டும். நைலான் தூண்டில் நரம்பை மெதுவாக விட்டுக் குடைந்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா என்று பாருங்கள், காற்று மட்டும் அடித்துவிடாதீர்கள், குழாய் உள்ளே கழன்றுகொள்ளும் என்றார்.

ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த மாமனார் உடனே சட்டைக் கையை மடித்துவிட்டார். காலமெல்லாம் பிளம்பர் வேலை பார்த்து ஓய்ந்தவர். வேலை ஓய்ந்ததே தவிர வாய் ஓயவில்லை.

"ஊர்ல பாதி வீட்டு அடைப்ப எடுத்தவன் நான். இந்த டப்பா எனக்கு ஒரு வேலையாம்மா?"

வண்டி வீட்டுக்கு முன்னால் திறந்த முற்றத்தில் நின்றது, மாலை ஆகிவிட்டது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. குழந்தையைத் தூக்கினால் விழித்துக்கொள்வாள். மகாராணி தூங்கட்டும், கண்முன்னால்தானே இருக்கிறாள் என்று மாமனாரே சொன்னார். நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு, சன்ரூஃபைத் திறந்து வைத்துவிட்டு, அவள் வலப்பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்றாள். மாமனார் சக்கரத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டார். சத்தம் போட்டால் குழந்தை எழுந்துவிடுமே, அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். தண்ணீர் வரவில்லையென்றால் அவர் மட்கார்டில் ஒரு தட்டு தட்ட வேண்டும். வந்துவிட்டால் இரண்டு தட்டு. இரண்டு தட்டினால் இன்னும் ஊற்றலாம் என்று அர்த்தம்.

முன்பக்கத்துத் துளைகள் இரண்டும் சாதுவாக வழிவிட்டன. மக்கிய இலை, தூசி, செத்த எறும்பு. நரம்பை விட்டுக் குடைந்து, ஆஸ்பத்திரியில் குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பார்களே, அந்தப் பெரிய சிரிஞ்சால் பக்கெட்டிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மெல்ல விட்டாள். முதலில் ஒரு தட்டு. பிறகு கீழே கொடகொடவென்று சத்தம். உடனே இரண்டு தட்டு. பின்பக்கம் வலது மூலையும் அப்படியே. மாமனார் சக்கரத்துக்குச் சக்கரம் நகர்ந்துகொண்டே, முழங்கால் போயிற்று, முதுகு போயிற்று என்று முணுமுணுத்தார். கடைசியாக அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் பின்சக்கரத்துக்குப் போனார். ஸ்டூலில் நின்றவளுக்கு அவர் தலைகூடத் தெரியவில்லை.

நான்காவது துளை, பட்டுவின் தலைக்கு மேலே இருந்தது.

நரம்பு உள்ளே போகவில்லை. எட்டிக் கைவிட்டுத் தடவினாள். வழவழவென்று, கெட்டியாக. மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் ஸ்டூலில் ஏறி, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வெகுநேரம் பார்த்தார். மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி, சூடு ஆறும் முன்னே கட்டைவிரலால் அழுத்தியிருந்தார்கள். ரேகைகூட அப்படியே பதிந்திருந்தது.

"இது தானா அடைச்சுக்கிட்டது இல்லம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "யாரோ வேணும்னே அடைச்சிருக்காங்க. மூடி வெச்ச லைனை, மூடினவங்கள கேக்காம நான் தொட்டதே இல்ல."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. விற்றவருக்கு ஃபோன் செய்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள், இந்த முறை எடுக்காமலே துண்டித்தார்கள். தூரத்தில் இடி உருண்டது. ட்யூட்டிக்கு நேரம் ஆகிறது. இப்படியே விட்டால் ராத்திரி முழுக்க மழை பிடித்துக்கொள்ளும், நாளைக்குக் குழந்தை தலையில் சொட்டும். அவளுக்கு எரிச்சல் வந்தது.

"தண்ணி போற வழிதானே மாமா? என்ன ஆயிடப்போகுது?"

அவர் இறங்கிப் போய்ச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இடுக்கியால் மெழுகைப் பெயர்த்தாள். அடியில் இறுக்கித் திணித்த துணி. இழுக்க இழுக்க வந்தது. மஞ்சள் துணி, சின்னச் சின்ன வாத்துப் படம் போட்டது. கைக்குழந்தைச் சட்டையிலிருந்து கிழித்தது. வீட்டில் கிடைத்த பழந்துணி போலிருக்கிறது என்று நினைத்து ஓரமாகப் போட்டாள். துணியின் கடைசி நுனி வெளியே வந்ததும் துளையிலிருந்து மெல்லிய காற்று வந்து அவள் மணிக்கட்டில் பட்டது. குளிர்ந்த காற்று. அதே பாசி வாடை. பட்டது, நின்றது, மறுபடி பட்டது.

நரம்பை விட்டாள். தடையே இல்லாமல் போயிற்று. மற்ற துளைகளில் போனதைவிட அதிகமாகப் போயிற்று. கையில் இருந்த சுருள் கரைந்துகொண்டே வந்தது. இவ்வளவு நீளத்துக்கு இந்த வண்டியில் இடம் ஏது என்று அவள் யோசித்தபோது நுனி எதிலோ மாட்டியது. இழுத்தாள். வரவில்லை. பிடித்தாற்போல் இருந்தது, பட்டு தூக்கத்தில் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வது போல. பிறகு தானாக விட்டது. ஏதோ வளைவில் மாட்டியிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

சிரிஞ்சை நிறைத்து மெல்ல விட்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, டொக். டொக்.

அப்பாடா என்றிருந்தது. இரண்டு தட்டு, வந்துவிட்டது. இன்னொரு சிரிஞ்ச். டொக். டொக். அடுத்தது. டொக், டொக். மற்ற மூன்றைவிட இதுதான் சொன்னபடி கேட்கிறது. திறந்த கூரை வழியாகக் கீழே பார்த்தாள். பட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. தொண்டை ஏறி ஏறி இறங்கியது. கனவில் பால் குடிக்கிறாள், கள்ளி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கெட்டில் பாதிக்கு மேல் காலியாகும்வரை ஊற்றினாள். ஊற்ற ஊற்றத் தட்டிக்கொண்டே இருந்தது. பட்டுவும் விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா, ஆரம்பிச்சிட்டியா?"

குரல் முதுகுக்குப் பின்னால், வீட்டு வாசலிலிருந்து வந்தது.

மாமனார் டார்ச்சோடு நின்றிருந்தார். கீழே கும்மிருட்டு, ஒன்றும் தெரியவில்லை, டார்ச் எடுக்க உள்ளே போனேன், பாத்ரூமுக்கும் போய்விட்டு வந்தேன் என்றார்.

"அப்ப தட்டினது?"

"யாரு தட்டினது?"

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினாள் என்று தெரியாது. இருவரும் இடப்பக்கம் போனார்கள். அவர் டார்ச்சை அடித்தார். சக்கரத்தின் அடியில் சிமெண்டுத் தரை உலர்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. கார் கதவைத் திறந்து மிதியடியைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. சீட்டும், கூரைத் துணியும்கூட. அந்தக் கறையே இல்லை.

"ஊத்தின தண்ணி எங்கம்மா?" என்றார் மாமனார்.

அப்போது தூணுக்குள்ளிருந்து, குழந்தையின் காதோரம், டொக். டொக். யாரும் ஊற்றவில்லை. யாரும் தட்டவில்லை.

பெல்ட்டைப் பிடுங்கிக் குழந்தையை வாரியெடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தாள் பட்டு. மூச்சு இருந்தது. கன்னம் சிவந்து, அழகாக, எப்போதும்போல. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மாமனார் அந்த வாத்துத் துணியையே துளைக்குள் திணித்தார். வீட்டில் இருந்த மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து உருக்கி ஊற்றி, கட்டைவிரலால் அழுத்தினார். விரல் சுட்டதுகூட அவருக்கு உறைக்கவில்லை. சன்ரூஃபை மூடினார்கள். பெரிய துளிகளாக மழை ஆரம்பித்தது.

அவள் ட்யூட்டிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தொட்டிலில் போட்டால் வீறிடும் குழந்தை. இன்று வீறிடவில்லை. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். கனத்தாள். காலையில் இவ்வளவு கனம் இல்லை. மூச்சில் லேசாக ஒரு களகளப்பு.

கைப்பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தாள். எத்தனையோ நெஞ்சுகளைக் கேட்ட காது அது. சட்டையை விலக்கி வைத்தாள்.

இதயம் ஓடியது. லப்டப், லப்டப். குட்டி இதயத்தின் வேகம். சரியான வேகம். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பயந்தாங்கொள்ளி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

பிறகு, இதயத்துக்குப் பின்னால். தள்ளி. நிதானமாக.

டொக். டொக்.

கையிலிருந்து ஸ்டெதாஸ்கோப் நழுவியது. பட்டு கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். சிரிப்பதற்காக வாயைத் திறந்தாள்.

வாய் நிறையத் தண்ணீர். விளிம்புவரை. தெளிந்த தண்ணீர்.

அவள் குழந்தையைக் குப்புறக் கவிழ்த்தாள். முதுகில் தட்டினாள். தலைகீழாகப் பிடித்தாள். வேலையில் கற்றதையெல்லாம் செய்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

திருப்பினாள். சிரிப்பு அப்படியே இருந்தது.

கதவருகே மாமனார் என்னவோ கேட்டார். காதில் விழவில்லை. வாய்க்குள் தளும்பாமல் நின்ற அந்தத் தண்ணீரைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து தட்டியது. தண்ணீரில் ஒரு வளையம் விரிந்தது.

உடனே இன்னொன்று. இரண்டு தட்டு, இன்னும் ஊற்றலாம்.

பட்டு அவளையே பார்த்தாள். பாதிக்கும் குறைவாகத் தண்ணீர் மீந்திருந்த பக்கெட் வெளியே முற்றத்தில்தான் இருந்தது. மழையில் அது நிறைந்துகொண்டிருந்தது.