ஹார்ல்டன் கோதுமைக் கோபுரக் கொலை

1934, செப்டம்பர் 18, காலை 9.20. கனடாவின் சஸ்காட்சுவான் சமவெளியில், ஹார்ல்டன் ஊர்க் கோதுமைச் சேமிப்புக் கோபுரத்தின் அடியில், கோதுமையை நிறுத்துத் தரம் பார்த்து வாங்கும் ஏஜெண்ட் டிவெட் கழுத்து முறிந்து கிடந்தார். எண்பதடி உயரத்திலிருந்து விழுந்திருந்தார்.

9.45. போலீஸ் கார்ப்பரல் பீட்டி வருவதற்குள் ஊர் தீர்ப்பே எழுதி முடித்திருந்தது. முந்தைய நாள், தன் கோதுமையை டிவெட் மூன்றாம் தரம் என்று சொன்னதும், "உன்னை மேலேர்ந்து தள்ளிடுவேன்" என்று உக்ரேனிய விவசாயி பெட்ரோ கத்தியிருந்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

கோபுரத்து ஆபீஸில், அதை நடத்தும் கம்பெனியின் மேற்பார்வையாளர் ரட்ஜ் நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே பெட்ரோ நின்றான்.

"நான் ஆபீஸை விட்டு நகரவே இல்ல, கார்ப்பரல். டிவெட் லிஃப்ட்ல மேல போனார். இந்த ஒல்லிப்பிச்சான் பின்னாலயே ஏணியில ஏறினான். தடால்னு சத்தம். இவன் லிஃப்ட்ல இறங்கி வந்தான்."

"பொய். நான் கோதுமை வண்டியோட வந்தப்பவே அவர் செத்துக் கிடந்தார்," என்றான் பெட்ரோ.

பீட்டி அவனுக்கு விலங்கு மாட்டினார். இனி தூக்குக் கயிறுதான் என்று பெட்ரோவுக்குத் தெரிந்தது.

10.30. மேலே பார்க்கப் புறப்பட்டார் பீட்டி. லிஃப்ட் என்பது ஒற்றை ஆள் நிற்கும் பலகை. ஏறுகிறவரின் எடைக்குச் சமமாக மறுமுனையில் இரும்புக் கட்டிகளை அடுக்க வேண்டும். பீட்டி நூற்றெழுபது பவுண்டு. ஏற்கெனவே அடுக்கியிருந்த கட்டிகளை மாற்றாமலே பிரேக்கை விட்டதும் பலகை அவரை மேலே பிடுங்கிக்கொண்டு போனது. நல்லவேளை, மறுபடி பிரேக்கை மிதித்தார்.

உச்சியில், கோதுமை கொட்டிவைக்கும் தொட்டிகளில் மூடி திறந்திருந்த ஏழாவதுக்குள் கை விட்டார். மேலே நல்ல கோதுமை. முழங்கை ஆழத்தில் சூடும் புழுங்கல் நாற்றமும். ஏணி வழியாக இறங்கிக் கட்டிகளை எண்ணினார்.

11.10.

"டிவெட் என்ன எடை?"

"நூத்தி முப்பது இருக்கும்," என்றார் ரட்ஜ்.

"பெட்ரோவும் அவ்வளவுதான். ஆனா இருபத்துநாலு கட்டி இருக்கு, ஒவ்வொண்ணும் பத்து பவுண்டு. கடைசியா அதுல ஏறி இறங்கினது இருநூத்தி நாப்பது பவுண்டு ஆளு. தராசுல ஏறுங்க."

"அந்த இரும்பை நான் தொடவே இல்ல."

"ஆமா, தொடல. பெரிய அதிகாரி வந்தா ஏஜெண்டே கட்டி அடுக்கிக் கொடுத்துட்டு, தான் ஏணியில ஏறுவாரு. இங்க அதுதான் மரியாதை. அதனாலதான் இறங்கினதும் கட்டியை எடுக்கணும்னு உங்களுக்குத் தோணல. கெட்டுப்போன கோதுமையைக் காட்டத்தானே உங்களை மேல கூட்டிட்டுப் போனார்?"

ரட்ஜ் தராசுப் பக்கம் போகவில்லை. "நல்ல கோதுமைக்கு அடியில கெட்டதை மறைச்சு வெச்சிருக்கோம்னு அரசாங்கத்துக்கு எழுதிடுவேன்னான்."

விலங்கு கை மாறியது.

"மன்னிச்சிடு, பெட்ரோ," என்றார் பீட்டி.

"ரட்ஜ் சொன்னதும் எனக்கு விலங்கு மாட்டினீங்க. நான் சொன்னப்ப மட்டும் ஏன் காது கேக்கல?"

பீட்டிக்கு வெட்கமாக இருந்தது.

கோதுமையை நிறுத்து வாங்க ஏஜெண்ட் இல்லை. பெட்ரோ குதிரைகளைத் திருப்பி, நிறைந்த வண்டியோடு பன்னிரண்டு மைல் தள்ளியிருந்த தன் வீட்டுக்குப் புறப்பட்டான்.