அறுபத்து நான்கு கிலோ

பாட்டு ஆரம்பித்தபோது அக்கா படுக்கையில் இல்லை.

சமையலறையில், சக்கர நாற்காலியில், கழுத்தில் கட்டிய துண்டோடு, தங்கை ஊட்டிய நாலாவது கரண்டி சூப்பை வாயின் வலது ஓரத்தில் தேக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை விட்டு, ஜன்னல் விளிம்பிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. நடைவழியின் அந்தக் கோடியில், சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால், நேற்று விட்ட இடத்திலிருந்து, ஒரு வரியின் பாதியிலிருந்து பாட்டு எழுந்தது. சுவர்க் கடிகாரம் ஆறரை காட்டியது.

தங்கை கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். அவளுக்குப் பயம் வரவில்லை. இன்னும் ஒரு வேலை வந்துவிட்டதே என்ற அலுப்புதான் வந்தது.

அந்தப் பாட்டை யாரும் ஸ்விட்ச் தட்டிப் போடுவதில்லை. அக்காவின் மெத்தைக்கு அடியில் ஒரு சென்சார் விரிப்பு இருந்தது. அதன்மேல் எடை ஏறினால் பாட்டு ஓடும். எடை இறங்கினால் பாட்டு நின்றுவிடும். பக்கவாதம் வந்த புதிதில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்ப்பாள். அதற்காக, நடைவழியில் ஆள் வர வர மூன்று விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக எரியும்படி தங்கையின் மகள் அமைத்துக் கொடுத்திருந்தாள். மகளுக்கு வேறு ஊரில் மென்பொருள் வேலை. வீட்டுக்கு வந்த நான்கு நாட்களில் மூன்றை ஒயரோடும் ஏணியோடும் கழித்துவிட்டுப் போனவள்.

பாட்டுகள் அக்காவுடையவை. முந்நூற்றுச் சொச்சம் கேசட்டுகள், பாதி வானொலியிலிருந்து அவளே பதிந்தவை. பக்கவாதத்துக்கு முன்பே, ஒரு வருஷம் முழுக்க, ஒவ்வொன்றாக ஓடவிட்டு, கணினியில் ஏற்றி, பேரெழுதி அடுக்கியவள் தங்கை. இந்த வேலை அவளுக்குப் புதிதல்ல. மருத்துவர்கள் ஒலிப்பதிவாக அனுப்பும் அறிக்கைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் அவள் பிழைப்பு. காதை மூடும் ஹெட்போன், காலடியில் நிறுத்தி ஓட்டும் பெடல், நாளுக்கு எட்டு மணி நேரம் அடுத்தவர் வியாதி.

பக்கவாதம் வந்த அன்று மாலையும் அந்த ஹெட்போன் அவள் காதில் இருந்தது. அக்கா ஆறரைக்குக் குளியலறையில் விழுந்தாள். தங்கை ஏழு பத்துக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தாள். நாற்பது நிமிஷம். அத்தனை நேரமும் அக்கா கூப்பிட்டிருக்கிறாள். கீழ் வீட்டுக்காரர்களுக்குக் கேட்டிருக்கிறது, ஏதோ அக்கா தங்கைச் சண்டை என்று இருந்துவிட்டார்கள். தங்கை கதவைத் திறந்தபோது அக்காவிடம் குரலே மிச்சமில்லை. பிறகு அது திரும்பி வரவும் இல்லை.

அதனால்தான் இந்த ஏற்பாடு. பாட்டு ஓடினால் அக்கா பத்திரமாக இருக்கிறாள். பாட்டு நின்றால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். தங்கை இப்போது ஹெட்போன் போடுவதில்லை. சின்ன ஒலிபெருக்கியில் மருத்துவர்களை முணுமுணுக்க விட்டு, இன்னொரு காதால் நடைவழியைக் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்வாள். ஆறு மாதமாக அவள் எதையும் முழுசாகக் கேட்டதில்லை, முழுசாகத் தூங்கியதும் இல்லை.

சூப்பைத் துடைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நீ அதுல கையை வச்சியா?"

"வைக்காம? நாற்பது கிலோவுக்குக் குறைஞ்சா பாட்டு நிக்கும்னு நீ வச்சிட்டுப் போயிட்டே. பெரியம்மா இளைச்சுப் போய் இப்ப நாற்பத்தொண்ணு. அவ கொஞ்சம் புரண்டாக்கூட நின்னுடுது. ஒரே சாயங்காலத்துல ஒன்பது தடவை ஓடினேன்டீ."

"எவ்வளவுக்கு மாத்தினே?"

"ஒண்ணு."

"ஒரு கிலோவா! பூனை ஏறிப் படுத்தாலும் பாடுமே அது."

"நம்ம வீட்டுல பூனை ஏது?"

மகள் சிரித்தாள். போர்வையை மடித்து வைத்திருப்பாய், போனில் ஆப்பைத் திறந்து எடை எவ்வளவு காட்டுகிறது என்று பார் என்றாள். தங்கை பார்த்தாள். இருபத்து மூன்று.

அறைக்குப் போய்ப் பார்த்தாள். போர்வை நாற்காலியில் இருந்தது. மெத்தையின் நடுவில், அக்கா வழக்கமாகப் படுக்கும் இடத்தில், ஒரு நீளமான பள்ளம். ஆறு மாதமாக ஒரே இடத்தில் படுத்தால் பஞ்சு அமுங்கத்தான் செய்யும். கையை வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள். வைக்கவில்லை. விரிப்பு கெட்டுவிட்டது, மகள் வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டு அக்காவைத் தூக்கி அதே பள்ளத்தில் கிடத்தினாள். படுக்கையின் எண் அறுபத்து நான்காக மாறியது.

அதன்பிறகு தினமும் அப்படித்தான். பகலில் படுக்கை காலியானால் பூஜ்யம். ஆறரை ஆனால் காலிப் படுக்கையில் பாட்டு.

செவ்வாய்தோறும் வரும் நர்ஸ், அக்காவை எடை பார்க்கும் நாற்காலியில் உட்கார வைத்துக் குறித்துக்கொள்வார். அந்த வாரம் முப்பத்தெட்டு. "சாப்பாடு இறங்கலையா? நீங்களும் ஒரு மாதிரி இருக்கீங்களே, உங்களையும் ஏத்திப் பாத்துடவா?" என்று கிண்டல் செய்துவிட்டுப் போனார். அன்று மாலை காலிப் படுக்கை இருபத்தாறு காட்டியது.

நாள் முழுக்க எண்களைத் தட்டச்சு செய்கிறவள். கூட்டச் சொல்லி யாரும் கேட்காமலேயே அவள் மனசு கூட்டியது. முப்பத்தெட்டும் இருபத்தாறும் அறுபத்து நான்கு. முன்பு நாற்பத்தொன்றும் இருபத்து மூன்றும். அலமாரியிலிருந்து மருத்துவமனைக் கோப்பை எடுத்து முதல் தாளைப் பார்த்தாள். சேர்க்கப்பட்ட அன்று அக்காவின் எடை அறுபத்து நான்கு.

கோப்பை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அடுத்த செவ்வாய் அக்கா முப்பத்து மூன்று. படுக்கை முப்பத்தொன்று. எடைக் குறைவு, காரணம் தெரியவில்லை: இந்த வரியை அவள் யார் யாருக்காகவோ ஆயிரம் தடவையாவது தட்டச்சு செய்திருப்பாள்.

எல்லாவற்றையும் பிடுங்கிப்போடு, வெறும் மெத்தையில் படுக்கவை என்று மகள் சொன்னாள். ஒரு மாலை அப்படியும் செய்து பார்த்தாள். வீடு மொத்தமும் அமைதியானது. அந்த அமைதியில் உட்கார்ந்து ஒரு வரிகூடத் தட்டச்சு செய்ய முடியவில்லை. நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து போய் அக்காவின் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள். மணி எட்டுக்குள் அவளே ஒயரைத் திரும்பச் சொருகிவிட்டாள். அவளுக்கு இருந்த ஒரே காது அதுதான்.

வீட்டில் தடுப்புக் கம்பி வைத்த கட்டில் அது ஒன்றுதான். வேறு எங்கே கிடத்துவது, யார் தூக்குவது, முதுகு இருக்கிற இருப்பில். இப்படித் தினமும் ஒரு நியாயம் கிடைத்தது. ஆனால் தினமும் கிடத்தும்போது அக்கா தன்னைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். தெரிந்துதான் கிடத்தினாள். களைப்பு அவ்வளவு.

இன்று மாலை அக்கா வர மறுத்தாள்.

ஆறரைக்குப் பாட்டு தொடங்கியிருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சமையலறை வாசலைத் தாண்டும்போது, நல்ல கையான இடது கையால் அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களைப் பிரித்துவிட்டால் மீண்டும் பிடித்தாள்.

"விடுக்கா. எனக்கு இன்னும் ஆறு ஃபைல் இருக்கு."

விடவில்லை.

"உன்னைத் தூக்கித் தூக்கி நானும் ஒருநாள் விழப்போறேன். அப்ப யார் வந்து கேப்பா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அக்காவின் கண்ணில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. தங்கை நாற்காலியைத் திருப்பி, சாப்பாட்டு மேஜையருகே கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். சரி. இன்றைக்கு ஒருநாள் படுக்கை வேண்டாம். இங்கேயே இரு. அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்; போனில் ஆப்பைத் திறந்து மேஜைமேல் சாய்த்து வைத்தாள்.

முப்பத்தைந்து.

சொட்டுச் சத்தம், குளிர்பெட்டியின் முனகல், ஆறிப்போன சூப்பின் வாடை, அதற்கும் மேலே நடைவழி முழுக்க நிறைந்து வழிகிற பாட்டு. தான் பேரெழுதி அடுக்கிய பாட்டு. அதில் எந்த இடத்தில் நாடா இரையும், எந்த இடத்தில் அக்கா பட்டனை அமுக்கிய சத்தம் வரும் என்பதுகூட அவளுக்கு மனப்பாடம்.

நாற்பத்து நான்கு.

படுக்கையில் கிடத்தினால்தான் இது நடக்கும் என்று நினைத்திருந்தாள். மடியில் இருந்த கையைப் பார்த்தாள். அது அங்கேயேதான் இருந்தது, விரல்கள் அவள் விரல்களைச் சுற்றி. ஆனால் கனம் குறைந்துகொண்டு வந்தது, ஈரத் துணி காய்வதுபோல.

"அக்கா?"

ஐம்பத்திரண்டு.

எழுந்து அக்காவை இறுக்கி அணைத்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து, தினமும் தூக்குகிற பழக்கத்தில் பல்லைக் கடித்துத் தூக்கினாள். பலம் தேவைப்படவில்லை. தலையணையைத் தூக்குவதுபோல் அக்கா அவளோடு வந்தாள். தோளில் சாய்ந்த தலை, தோளுக்குத் தெரியவில்லை. மூச்சு மட்டும் கழுத்தில் சுட்டது.

அறுபது.

"போகாதேக்கா. இங்கயே இரு. நான் இங்கதான் இருக்கேன்."

அறுபத்து மூன்று.

கடிகாரம் ஏழு ஒன்பது.

அறுபத்து நான்கு.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரி. அடுத்த வரி. அதன் பாதி.

நின்றது.

போனில் பூஜ்யம்.

ஆறு மாதமாக இந்த ஒரு அமைதிக்காகத்தான் அவள் காத்திருந்தாள். பாட்டு நின்றால் ஓட வேண்டும். அவள் அக்காவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

கட்டில் கம்பி கீழே இறங்கும் சத்தம்.

அறைக் கதவு.

நடைவழியின் முதல் விளக்கு எரிந்தது.

பிறகு நடை. கனத்த, அவசரமில்லாத நடை. குதிகால் முதலில் தரையில் விழும் நடை. அம்மா இருந்த காலத்திலிருந்து கீழ் வீட்டுக்காரர்கள் குறை சொன்ன அக்காவின் நடை. அதை இந்த வீடு மறந்தே போயிருந்தது.

இரண்டாவது விளக்கு.

நின்ற வரியின் மிச்சம் வந்தது. பதிவு அல்ல. நாடாவின் இரைச்சல் அதில் இல்லை. விட்ட இடத்திலிருந்து, சுருதி விலகாமல், நிறைந்த தொண்டையில் ஒரு பெண் பாடிக்கொண்டே வந்தாள்.

தங்கையின் கைகளுக்குள் அக்காவின் இரவு உடை தொளதொளத்தது. கழுத்தில் மூச்சு இன்னும் இருந்தது. இருந்தது. தேடினாள்.

மூன்றாவது விளக்கு, சமையலறை வாசலுக்கு நேர்மேலே.

பாட்டு நின்றது. வாசல் நிலையை, நல்ல கை சற்றுமுன் பிடித்திருந்த அதே இடத்தில், வேறொரு கை பிடித்தது. வலது கை. ஈரமாக இருந்தது.

"குட்டி," என்றது குரல், அக்கா அவளைக் கூப்பிடும் பெயரில், மிகவும் பொறுமையாக, நாற்பது நிமிஷம் கூப்பிட்டுக் களைத்த குரலில். "இப்பவாவது கேக்குதா?"

அவள் காதில் ஹெட்போன் இல்லை.