நூறு சதவீத மின்தும்பி

பேட்டரி எண்பத்தெட்டு சதவீதம் என்று காட்டும்போதே கிளம்பிவிடலாம் என்றாள் விமானி தமயந்தி. சவரிமுத்து கேட்கவில்லை.

"உங்க கைரேகைய வைங்கண்ணே. மெக்கானிக் ரேகை வச்சா எண்பத்தஞ்சுக்கு மேல எப்ப வேணாலும் கம்ப்யூட்டர் கிளம்ப விட்டுரும். அக்காவுக்கு நேரம் போய்க்கிட்டு இருக்குல்ல?"

"என் பொண்டாட்டி போற வண்டி மேடம். அரை வயித்தோட அனுப்புவேனா? நூறு ஆகட்டும்."

அந்த மலை நிலையத்தில் பதினெட்டு வருடமாக மின்தும்பி எனப்படும் சிறு மின்விமானங்களுக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டிருக்கும் மெக்கானிக் அவன். சாப்பிடாமல் ஒருத்தரையும் வீட்டை விட்டு அனுப்பாத ஊர். வண்டியையும் அப்படித்தான் அனுப்புவான். போன வாரம் வந்த சுற்றறிக்கை வேறு அவன் பக்கம் நின்றது: நோயாளி ஏறும் தும்பி நூறு சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். மெக்கானிக் பொறுப்பேற்றால் மட்டும் விலக்கு. அந்தச் சுற்றறிக்கைக்குப் பிறகு ஏறும் முதல் நோயாளி அவன் மனைவி லூர்துதான்.

காலை ஏழு மணிக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் பிளாஸ்கைக் கீழே போட்டாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. மூளையில் ரத்தக்கட்டி என்றாள் மலை நர்ஸ். நாலரை மணி நேரத்துக்குள், அதாவது பதினொன்றரைக்குள், கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டாக வேண்டும். ஊசி அடிவாரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. ஸ்கேன் எடுக்கவே அரை மணி ஆகும் என்பதால், பதினொரு மணிக்குள் அங்கே இறங்க வேண்டும். மலைப்பாதையில் காரில் போனால் நாலு மணி நேரம்.

பேட்டரியின் கடைசிப் பன்னிரண்டு சதவீதம் இருக்கிறதே, அதைப் போல எரிச்சல் மூட்டுவது உலகத்தில் வேறில்லை. எண்பத்தெட்டு வரை ஓடி வரும். பிறகு, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, அசையவே அசையாது. ஒன்பது நாற்பதுக்கு எண்பத்தெட்டு. பத்து இருபத்தைந்துக்குத்தான் நூறு. முக்கால் மணி நேரம் தமயந்தி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். லூர்து ஸ்ட்ரெச்சரில் கிடந்து இடது கையால் புருஷனின் சட்டையை இழுத்து என்னவோ சொன்னாள். ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

ஒருவழியாகக் கிளம்பினார்கள். நோயாளியோடு வருபவருக்கான ஒற்றை இருக்கையில் சவரிமுத்து உட்கார்ந்தான். பத்தே நிமிடத்தில் தும்பி மலை விளிம்பைத் தாண்டியது. மலை மேலிருந்தே கிளம்பியதால் ஏற வேண்டியிருக்கவில்லை, பேட்டரியில் ஒன்றிரண்டு சதவீதம்தான் குறைந்திருந்தது. கீழே சமவெளி தெரிந்தது. ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கட்டடம்கூடத் தெரிந்தது. தமயந்தி இறங்கும் விசையைத் தள்ளினாள்.

"மன்னிக்கவும். பேட்டரி நிரம்பியுள்ளது. திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை. நாற்பத்தைந்து நிமிடம் வட்டமிட்டு இறங்கவும். நன்றி" என்றது காப்பான்.

காப்பான் என்பது தும்பியை ஆளும் கணினி. அதற்கு எல்லாச் சட்டமும் தெரியும், நல்லது கெட்டது மட்டும் தெரியாது.

"என்ன மேடம் சொல்லுது?" என்றான் சவரிமுத்து.

"உங்க வண்டி மூக்கு முட்டச் சாப்பிட்டிருக்காம். அதனால எறங்க முடியாதாம்!"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை.

மின்தும்பிகளின் பெருமையே அவற்றின் நான்கு இருமுகச் சுழலிகள்தான். சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் காந்தம் சுழன்று விசிறியைச் சுற்றும். அப்போது அது மோட்டார். இறங்கும்போது எதிர்க்காற்று விசிறியைச் சுற்றினால், அதே காந்தம் அதே சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும். அப்போது அது ஜெனரேட்டர். வண்டியின் வேகம் இப்படி மின்சாரமாகிப் பேட்டரிக்குப் போய்விடுவதால், பிரேக் பிடித்த மாதிரியும் ஆகிவிடும். ஏறச் செலவழித்ததில் பாதியை இறங்கும்போது திருப்பி வாங்கிவிடலாம். இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் வடிவமைப்பாளர்கள் இறக்கையிலிருந்த, வேகத்தைக் குறைக்கும் காற்றுத்தடுப்புத் தகடுகளை, வெறும் பதினொரு கிலோ, வேண்டாத சுமை என்று கழற்றி எறிந்துவிட்டார்கள். நிரம்பிய பானையில் எப்படி ஊற்றுவது என்று ஒரு புண்ணியவானும் கேட்கவில்லை. நூறு நிரப்பு என்று ஓர் அலுவலகம் சொன்னது. இடமில்லாமல் இறங்காதே என்று இன்னோர் அலுவலகம் சொன்னது. காப்பான் இரண்டுக்கும் தலையாட்டியது.

பிரேக் இல்லாமல் மூக்கைக் கவிழ்த்தால் வேகம் ஏறிக்கொண்டே போகும். ஆஸ்பத்திரி ஓடுதளமோ குட்டையானது. மெதுவாகச் சறுக்கினால் முக்கால் மணி நேரம்.

"அப்ப மின்சாரத்தக் கொஞ்சம் வீணாக்குங்க மேடம்! விளக்கெல்லாம் போடுங்க!"

"போட்டுட்டேன். இது எறும்பு மாதிரி சாப்பிடுற விளக்குண்ணே. ஹீட்டர் கிடையாது. மோட்டார முடுக்கினா வேகந்தான் கூடும். எதுலயும் வீணாக்க வழியே வைக்கல. மிச்சம் பிடிக்க மட்டும் படிச்சவனுங்க கட்டின வண்டி இது!"

அவள் காப்பானைத் திட்டினாள், கெஞ்சினாள். தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டாள். காப்பான் சொல்கிறபடி செய்யச் சொன்னார்கள். சாமியே பூசாரியைக் கேட்கச் சொன்ன கதை. மணி பத்து முப்பத்தெட்டு.

சவரிமுத்து மனைவியின் கோணிய வாயைப் பார்த்தான். "நான்தான்... நான்தானே நூறு நூறுன்னு நின்னேன். எண்பத்தெட்டுல விட்டிருந்தா எடம் இருந்திருக்கும்ல?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

இருந்திருக்கும்தான்.

அப்போதுதான் அவன் கண் இருக்கைக்குப் பின்னால் இருந்த வயர்ப் பெட்டியில் விழுந்தது. ஒவ்வொரு மோட்டாருக்கும் மூன்று வயர்.

"மேடம், மோட்டாருக்கு மூணு ஃபேஸ்தானே?"

"ஆமா. ஏன்?"

"எங்கப்பாரு தோட்டத்துல பம்புசெட்டு சில நேரம் தலைகீழாச் சுத்தும். தண்ணி வராது. ரெண்டு வயர மாத்திக் கட்டுவாரு, சரியாப் போயிரும். இப்ப சரியாச் சுத்துறத நாம தலைகீழாச் சுத்த விட்டா?"

தமயந்தி திரும்பிப் பார்த்தாள். தலைகீழாகச் சுற்றும் விசிறி வண்டியைப் பின்னால் இழுக்கும். இழுப்பதற்கு மின்சாரமும் தின்னும். பிரேக்குக்குப் பிரேக், செலவுக்குச் செலவு! காப்பானோ பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது என்று மட்டும்தான் பார்க்கும். விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கும் கண்ணையும் சுமை என்று கழற்றிவிட்டார்கள்.

"அண்ணே, விசிறி காத்துல சுத்திக்கிட்டு இருந்தா வயர்ல கரண்ட் இருக்கும். காந்தத்த யாராலயும் அணைக்க முடியாது. உள்பக்கத்து ரெண்டையும் நிறுத்திப் பூட்டுப் போடுறேன். நான் சொல்லாமத் தொட்டுறாதீங்க."

"தொடல. நீங்க பூட்டுங்க."

விசிறிகள் இரண்டும் நின்றன. பூட்டு விழுந்தது. சவரிமுத்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். ஒரு திருகாணி ஸ்ட்ரெச்சருக்கு அடியில் உருண்டு போயிற்று. லூர்து அதை இடது கையால் தடவி எடுத்து நீட்டினாள். எட்டு நிமிடத்தில் இடது மோட்டாரிலும் வலது மோட்டாரிலும் இரண்டிரண்டு வயர்கள் இடம் மாறின.

தமயந்தி பூட்டை எடுத்து உள்பக்கத்து மோட்டார்களை மெல்ல முடுக்கினாள். தும்பி ஒரு குலுக்குக் குலுக்கியது. யாரோ வாலைப் பிடித்து இழுத்த மாதிரி வேகம் குறைந்தது.

"உந்துவிசை சீராக உள்ளது. மின்செலவு போதுமானது. இறங்கலாம். நன்றி" என்றது காப்பான்.

"வாய மூடு!" என்றாள் தமயந்தி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

பத்து ஐம்பத்தைந்துக்கு அவர்கள் ஓடுதளத்தில் இருந்தார்கள். பதினொன்று இருபத்தாறுக்கு லூர்துக்கு ஊசி ஏறியது.

இரண்டு மாதம் விசாரணை நடந்தது. முடிவில் புதிய சுற்றறிக்கை வந்தது. தமயந்தி அதை மலை நிலையத்தில் சவரிமுத்துக்குப் படித்துக் காட்டினாள். நூறு சதவீத விதி அப்படியே நீடிக்கும். மெக்கானிக் ரேகை விலக்கு ரத்து. வயர்ப் பெட்டிகளுக்கு முத்திரை. மிதமிஞ்சிய மின்சாரத்தை எரித்துத் தள்ள ஒவ்வொரு தும்பியிலும் மின்விழுங்கி என்ற பெரிய சூடேற்றும் சுருள் பொருத்தப்படும். எடை ஐம்பத்தெட்டு கிலோ.

"பதினோரு கிலோ தகட்ட மறுபடி மாட்டுனாப் போதாதா மேடம்?"

"கழட்டினது தப்புன்னு ஒத்துக்கணும்ல? அதவிட இது லேசுண்ணே." அவள் கடைசிப் பத்தியைப் படிக்கத் தயங்கினாள். பிறகு படித்தாள். கூடிய எடையைச் சரிக்கட்ட, நோயாளியோடு வருபவரின் இருக்கை நீக்கப்பட வேண்டும். பொறுப்பு, அந்தந்த நிலைய மெக்கானிக்.

சவரிமுத்து தும்பிக்குள் குனிந்து இருக்கையின் நாலு திருகாணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினான். லூர்து இடது கையில் பிளாஸ்கோடு வந்து நின்றாள். வலது கை இன்னும் சரியாகவில்லை, பேச்சு மட்டும் மெதுவாகத் திரும்பியிருந்தது. கணவன் இருக்கையைத் தூக்கி வெளியே வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க," என்றாள் இழுத்து இழுத்து, "அடுத்த தடவ... யாரு வயர மாத்துவா?"