பூச்சிச் செடியை வெட்டுவது யார்?

எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வரப்பில் இன்றும் சில மஞ்சள் பூச்செடிகளைக் காணோம்.

"மாடு மேஞ்சிருக்கும்" என்றாள் தோட்டத்தை மேற்பார்வை பார்க்கும் அம்மா.

"மாடு அரிவாளால மேயுமா?" என்றாள் மகள். அடித்தண்டு நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தது.

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே ‘சந்தேகம்’தான். சோப்பு கொஞ்சம் கரைந்தாலும் விசாரணை நடத்துவாள்.

ஆனால் இது சோப்பு விஷயம் இல்லை. அந்தப் பூக்களில் தேன் குடிக்க வரும் குட்டிக் குளவிகள், பனை ஓலையைத் தின்னும் புழுக்களை ஒழித்துவிடும். அதனால் அம்மாவும் மகளும் அதைப் ‘பூச்சிச் செடி’ என்பார்கள். செடி போனால் குளவியும் வராது. இப்போதே ஓலைகளில் ஓட்டை விழ ஆரம்பித்துவிட்டது.

"யாருன்னு தெரியட்டும், அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடுறேன்" என்றாள் அம்மா.

சந்தேகத்தின் கண் புதிதாக வேலைக்கு வந்த தொப்பி மாமா மேல் விழுந்தது. யாரிடமும் பேசமாட்டார். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகமாட்டார். ஏன்?

சாயங்காலம் அவள் பனைமரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டாள். தொப்பி மாமா அரிவாளோடு வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். சரக்!

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று! கத்த வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார். திருட்டுத்தனம் செய்கிறவருக்கு இவ்வளவு சந்தோஷமா? அவளுக்குப் புதுச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன பண்றீங்க மாமா?"

"பூச்சிச் செடியைக் கவனிக்கிறேன் பாப்பா. ‘நல்லா கவனிச்சுக்கோங்க’ன்னு அம்மா சொன்னாங்கல்ல? எவ்வளவு பூச்சி மொய்க்குது பாரு! ஒவ்வொண்ணா கவனிச்சுட்டு வர்றேன்."

சந்தேகம் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ மாமா! அதெல்லாம் நல்ல பூச்சி!"

குளவிக் கதையைக் கேட்டதும் அவர் முகம் வாடிப்போனது. "அப்போ என் வேலை போச்சா?" என்று தொப்பியைக் கழற்றினார். அவளுக்குப் பாவமாக இருந்தது.

"வெட்டுன குச்சியெல்லாம் எங்க? நட்டா துளிர்க்கும், வாங்க."

இருவரும் வரப்பு நெடுக நட்டார்கள். பிறகு அவள் அம்மாவைக் கூட்டி வந்தாள்.

"ஆள் கிடைச்சாச்சும்மா. ரெண்டு பேர்."

"ரெண்டு பேரா?"

"வெட்டினது மாமா. வெட்டச் சொன்னது நீ!"

நடந்ததைக் கேட்டு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தொப்பி திரும்பவும் தலைக்கு ஏறியது.

மறுநாள் காலை அம்மா வரப்புக்கு வந்தாள்.

"அண்ணே, இந்தக் குச்சியெல்லாம் நல்லா கவனி..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தண்ணி ஊத்துங்க."